இன்சூரன்ஸ் அப்ரூவல் வரும்வரை: ஆட்டிசம் தெரபிக்கு எந்த வழி, எந்த வயதில்?

அமெரிக்காவில் குழந்தைக்கு ஆட்டிசம் என்று ரிப்போர்ட் எழுதும் டாக்டர், கூடவே ஏபிஏ தெரபி (நடத்தை அடிப்படையிலான பயிற்சி) என்றும் எழுதிக் கொடுப்பார். கிளினிக்குக்குப் போன் செய்தால் “இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்ததும் கூப்பிடுகிறோம்” என்பார்கள். பல வீடுகளில் எல்லாம் அதோடு நின்றுவிடுகிறது. மாதங்கள் ஓடியபின் திரும்பிப் பார்த்தால், இன்சூரன்ஸ் கம்பெனியின் கையெழுத்தே தேவைப்படாத நாலு காரியங்கள் தொடங்காமல் கிடக்கும்.

வேலை மூலம் இன்சூரன்ஸ் வைத்திருக்கும், எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். முன்னால் இருக்கும் வழிகள் இவை: ஏபிஏவுக்குக் காத்திருப்பது, அரசின் எர்லி இன்டர்வென்ஷன் (மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான திட்டம்) அல்லது பள்ளி மாவட்டம், பேச்சுத் தெரபியை மட்டும் முதலில் தொடங்குவது, கைக்காசு போடுவது, மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவ இன்சூரன்ஸ், கொஞ்ச நாள் ஊருக்குப் போய் வருவது. சிலவற்றைச் சேர்த்தே செய்யலாம். சில ஒன்றையொன்று கெடுக்கும்.

காத்திருப்பது என்றால் எதற்காக?

அப்ரூவல் என்று ஒருமையில் சொன்னாலும் வாங்க வேண்டியது இரண்டு. முதலாவது, மதிப்பீட்டுக்கு. பில்லிங் கோடு 97151. பிசிபிஏ என்ற சான்றிதழ் பெற்ற நிபுணர் குழந்தையைப் பார்த்து, உங்களிடம் விசாரித்து, வைன்லேண்ட் போன்ற கேள்வித்தாள்களை நிரப்பி, சிகிச்சைத் திட்டம் எழுதுவார். ஏபிஏ கோடுகள் எல்லாமே 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்ற கணக்கு. 8 மணி நேர மதிப்பீடு என்றால் 32 யூனிட். அந்தத் திட்டம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது அப்ரூவல். ஆர்பிடி எனப்படும் தெரபிஸ்ட் குழந்தையோடு உட்காரும் நேரத்துக்கு 97153, பிசிபிஏ திட்டத்தைத் திருத்தும் நேரத்துக்கு 97155, பெற்றோர் பயிற்சிக்கு 97156. பெரும்பாலான பிளான்கள் ஆறு மாதத்துக்கு மட்டும் அனுமதி தந்து, பிறகு மறுபடி கேட்கச் சொல்லும்.

கம்பெனி பிளான்களுக்கு எரிசா என்ற மத்திய சட்டம் வைத்திருக்கும் கெடு, முன்அனுமதிக் கோரிக்கைக்கு 15 நாள். காரணம் சொல்லி இன்னொரு 15 நாள் நீட்டலாம். ஆக, காகிதம் சரியாக இருந்தால் இரண்டு அப்ரூவலுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து மாதம் ஆகிறதென்றால் மீதி நாட்கள் வேறெங்கோ போகின்றன. ஏதாவது காகிதம் குறைகிறது என்று இன்சூரன்ஸ் கேட்டுவிட்டால் கெடு அங்கேயே நின்றுவிடும். பதில் தர 45 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கடிதம் பல சமயம் கிளினிக்கின் ஃபேக்ஸில் வந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சில சமயம் கிளினிக் கோரிக்கையையே இன்னும் அனுப்பியிருக்காது.

அதனால் வாரம் ஒரு முறை இரண்டு போன். இன்சூரன்ஸிடம்: கோரிக்கை எந்தத் தேதியில் வந்தது, ரெஃபரன்ஸ் நம்பர் என்ன, எந்தக் காகிதம் பாக்கி? கிளினிக்கிடம்: அப்ரூவல் நாளைக்கே வந்தால் எங்கள் குழந்தைக்கு ஒதுக்க ஆர்பிடி இருக்கிறாரா? இரண்டாவது கேள்விதான் அதிகப் பலன் தரும். அப்ரூவல் வந்த பிறகும் ஆள் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் இழுப்பது சாதாரணம். ஆறு மாத அனுமதியில் பாதி அப்படியே கரைந்துபோகும். “இப்போது ஆள் இல்லை” என்று நேர்மையாகச் சொல்லும் கிளினிக்கை விட்டு உடனே விலக வேண்டாம். ஆனால் இன்னும் இரண்டு இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருப்பதற்கு இன்சூரன்ஸ் ஆட்சேபிக்காது. முன்அனுமதிக் கோரிக்கைதான் ஒரு நேரத்தில் ஒரு கிளினிக் மூலம் போக வேண்டும்.

எங்கே சிக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் ரிப்போர்ட். குழந்தை மருத்துவர் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு பெரும்பாலும் போதாது. ஆட்டிசத்துக்கான எஃப்84.0 என்ற கோடு, ஏடாஸ்-2 போன்ற நேரடிச் சோதனையின் மதிப்பெண், டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டின் அளவுகோல்கள், “ஏபிஏ மருத்துவரீதியாகத் தேவை” என்ற வரி, எழுதியவரின் கையெழுத்தும் தகுதியும், எல்லாம் இருக்க வேண்டும். பள்ளி சைக்காலஜிஸ்ட் “ஆட்டிசம் பிரிவில் தகுதி” என்று எழுதியது பள்ளிக்குச் செல்லும், இன்சூரன்ஸுக்குச் செல்லாது. ரிப்போர்ட் சில வருடம் பழையது என்றால் புதுசு கேட்கிற பிளான்களும் உண்டு. ரிப்போர்ட் வாங்கும் அன்றே டாக்டரிடம் அந்த ஏபிஏ வரியைச் சேர்க்கச் சொல்வது, பின்னால் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, கார்டின் முன்பக்கம் இருக்கும் கம்பெனிப் பெயர். மனநலப் பிரிவை வேறொரு நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டிருக்கும் பிளான்கள் நிறைய. ஏபிஏ கோரிக்கை அங்கே போக வேண்டும். கார்டின் பின்பக்கத்தில் ‘பிஹேவியரல் ஹெல்த்’ என்று தனி எண் இருந்தால் அதற்குத்தான் போன் செய்ய வேண்டும். முன்பக்க எண்ணில் கூப்பிட்டால் “அப்படி எதுவும் எங்களுக்கு வரவில்லை” என்று உண்மையைத்தான் சொல்வார்கள்.

அப்பா அம்மா இருவருக்கும் வேலை வழி இன்சூரன்ஸ் இருந்து, குழந்தை இரண்டிலும் இருந்தால், யாருடையது முதல் என்பதில் குழப்பம் வரும். பொதுவான விதி, காலண்டர் வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடைய பிளான்தான் முதன்மை. வயது கணக்கில்லை. அம்மா பிறந்தது மார்ச், அப்பா அக்டோபர் என்றால் அம்மாவின் பிளான் முதல். இரண்டு கம்பெனிக்கும் போன் செய்து இதைப் பதிவு செய்யாவிட்டால் அப்ரூவல் வந்தும் பில் திரும்பிவரும்.

சிகிச்சைத் திட்டத்தின் இலக்குகளையும் அனுப்புவதற்கு முன் வாங்கிப் படியுங்கள். எழுத்துகளை அடையாளம் காண்பது, பத்துவரை எண்ணுவது என்று இருந்தால் “இது கல்வி, மருத்துவம் இல்லை” என்று தள்ளிவிடுவார்கள். பசித்தால் கேட்பது, ரோட்டில் கையை உதறிவிட்டு ஓடாமல் இருப்பது, பல் தேய்க்க விடுவது போன்றவை நிற்கும். பெற்றோர் பயிற்சி மணி நேரம் பூஜ்யம் என்று போட்டிருந்தாலும் கேள்வி வரும்.

அப்ரூவல் கடிதம் வந்ததும் கால்குலேட்டர் எடுங்கள். வாரம் 25 மணி நேரம் என்றால் 100 யூனிட். 26 வாரத்துக்கு 2,600. கடிதத்தில் 97153-க்கு 1,560 என்று இருந்தால் அது வாரம் 15 மணி நேரம்தான். ‘அப்ரூவ்டு’ என்ற வார்த்தையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது பகுதி மறுப்பு, அப்பீல் செய்யலாம்.

அப்படிச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணி நேரம் அதிகம் என்றால் நல்ல தெரபி என்று இல்லை. தொழில்துறை வழிகாட்டியே, சில குறிப்பிட்ட இலக்குகளுக்கு வாரம் 10 முதல் 25 மணி, எல்லாத் துறைக்கும் சேர்த்து 30 முதல் 40 மணி என்று இரண்டு விதம் வைத்திருக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் 40 என்று எழுதும் கிளினிக்கைப் பார்த்து யோசியுங்கள். பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் பழைய பாணி ஏபிஏவைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குழந்தை கையை ஆட்டுவதை நிறுத்துவது ஓர் இலக்காக எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குழந்தை அழுது மறுத்தால் ஆர்பிடி என்ன செய்வார் என்றும் கேளுங்கள். ஆர்பிடி என்பவர் 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர். அவருடைய வேலை நேரத்தில் 5 சதவீதமாவது மேற்பார்வை வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. அந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்கும் இடம் நமக்கு வேண்டாம்.

எச்ஆரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

நம் பிளான் செல்ஃப்-ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷ்யூர்டா? 50 மாநிலங்களிலும் ஆட்டிசம் சிகிச்சைக்கான இன்சூரன்ஸ் சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆனால் கம்பெனி தன் பணத்திலேயே செலவை ஏற்கும் செல்ஃப்-ஃபண்டட் பிளானுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது. பெரிய ஐடி கம்பெனிகளில் பெரும்பாலும் இந்த வகைதான். கார்டில் பிரபல இன்சூரன்ஸ் கம்பெனியின் லோகோ இருப்பதால் வித்தியாசம் தெரியாது. அங்கே நம் பிடி, 2008-இன் மனநலச் சமத்துவச் சட்டம்: உடல்நோய்க்கு இல்லாத கட்டுப்பாட்டை மனநலப் பிரிவுக்கு மட்டும் போடக் கூடாது என்பது அதன் சாரம். புகார் செய்யும் இடமும் மாறும். செல்ஃப்-ஃபண்டட் என்றால் மத்திய தொழிலாளர் துறை. இல்லையென்றால் மாநில இன்சூரன்ஸ் துறை.

கலிஃபோர்னியாவில் மாநில மேற்பார்வையில் இருக்கும் பிளான் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சாதாரண முன்அனுமதிக்கு 5 வேலை நாள் கெடு. டாக்டரல்லாத மனநல நிபுணரிடம் அவசரமில்லாத அப்பாயின்ட்மென்ட்டுக்கு 10 வேலை நாள். நெட்வொர்க்கில் ஆள் இல்லையென்றால் வெளியே ஏற்பாடு செய்துதர வேண்டியது பிளானின் பொறுப்பு.

மற்ற இடங்களிலும் இதைக் கேட்கலாம். நெட்வொர்க்கில் இருக்கும் கிளினிக்குகளின் பட்டியலை இன்சூரன்ஸிடமே வாங்கி, ஒவ்வொன்றுக்கும் போன் செய்து, தேதி, பேசியவர், எத்தனை மாதம் காத்திருப்பு என்று ஒரு தாளில் எழுதி, “கேப் எக்ஸெப்ஷன்” கேட்டு எழுத்தில் அனுப்பினால், வெளி கிளினிக்கை நெட்வொர்க் விலையிலேயே அனுமதிக்கச் செய்ய வாய்ப்பிருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் வாயால் கேட்டால் வேலை நடக்காது.

எர்லி இன்டர்வென்ஷன், பள்ளி மாவட்டம்

மூன்று வயது ஆகாத குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றைக்கே போன் செய்யுங்கள். இதற்கு அடிப்படை, சிறப்புக் கல்விக்கான மத்திய சட்டமான ஐடியாவின் பார்ட் சி. டாக்டர் கடிதம் வேண்டாம், ஆட்டிசம் ரிப்போர்ட்கூட வேண்டாம். வளர்ச்சியில் தாமதம் இருந்தால் போதும். விசா என்ன என்று பார்ப்பதில்லை. பெயர் கொடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீடும், ஐஎஃப்எஸ்பி என்ற குடும்பத் திட்டக் கூட்டமும் முடிய வேண்டும். மதிப்பீடு இலவசம். தெரபிக்கு நியூயார்க்கில் கட்டணம் இல்லை. நியூஜெர்சி போன்ற இடங்களில் வருமானத்துக்கேற்பப் பங்கு கட்ட வேண்டும்.

குறை என்ன? நேரம் குறைவு. பல மாநிலங்களில் வாரம் ஓரிரு மணி நேரம்தான் கிடைக்கும். அதை வைத்து “இது போதாது, இன்சூரன்ஸே வரட்டும்” என்று விடுவது தப்பு. ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, நம் சமையலறையில், நம் பொம்மைகளோடு உட்கார்ந்து காட்டித் தருவது வேறெங்கும் கிடைக்காது.

மூன்றாவது பிறந்தநாள்தான் கறாரான கெடு. அதற்கு 45 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது பெயர் கொடுத்தால் எர்லி இன்டர்வென்ஷன் மதிப்பீடு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. பள்ளி மாவட்டத்துக்குத் தள்ளிவிடலாம். ஏற்கனவே உள்ளே இருக்கும் குழந்தைக்கோ, பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே பள்ளி மாவட்டத்துக்குத் தகவல் போய், பிறந்தநாளன்றே பள்ளித் திட்டம் தயாராக இருக்க வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தைக்கு ஏபிஏ அப்ரூவலுக்காக மட்டும் காத்திருந்தால் இந்தப் படிக்கட்டு கையைவிட்டுப் போகும்.

மூன்று வயதுக்கு மேல் பள்ளி மாவட்டம். பாலர் பள்ளியில் சேராத குழந்தைக்கும் பொருந்தும். “என் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும்” என்று தேதி போட்டு எழுதி மெயில் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குக் கெடு ஓடாது. உண்மையான கெடு நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளில் தொடங்கும்: மத்தியச் சட்டத்தில் 60 நாள், ஆனால் மாநிலம் தனிக் கெடு வைத்திருந்தால் அதுதான். டெக்சஸில் 45 பள்ளி நாள். நியூஜெர்சியில் மதிப்பீடு முடிந்து திட்டம் அமலாவதுவரை 90 நாள். கோடை விடுமுறை பல இடங்களில் இந்தக் கணக்கில் சேராது. மே கடைசியில் போட்ட கையெழுத்து அக்டோபர்வரை இழுக்கும். பிப்ரவரியில் எழுதினால் அந்தப் பள்ளி வருடத்துக்குள்ளேயே ஐஇபி என்ற தனிப்பட்ட பள்ளித் திட்டம் வரும்.

பள்ளி தருவது படிப்புக்குத் தேவையான உதவி. இன்சூரன்ஸ் தருவது மருத்துவம். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று இரு பக்கமும் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டும் தனித்தனி உரிமை. முழுநாள் பள்ளி போகும் குழந்தைக்கு வாரம் 30 மணி நேர ஏபிஏ என்று கிளினிக் கேட்டால் மட்டும், நேரம் எங்கே என்று இன்சூரன்ஸ் நியாயமாகவே கேட்கும்.

தமிழ் பேசும் வீட்டுக்கு இங்கே ஒரு விஷயம். குழந்தைக்குப் பழக்கமான மொழியில் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று ஐடியா சட்டமே சொல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் மெயிலிலேயே எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு தாள் இருக்கட்டும்: குழந்தை சொல்லும் ஒலி, அதன் அர்த்தம், எப்போது சொல்கிறது. ‘த்தா’ என்றால் தா, கையை நீட்டும்போது. ‘ம்மம்’ என்றால் சாப்பாடு, குக்கர் விசில் கேட்டதும். ‘வே’ என்றால் வேண்டாம், தலையைத் திருப்பிக்கொண்டு. இந்தத் தாள் இல்லாமல் போனால், பன்னிரண்டு வார்த்தை இருக்கும் குழந்தைக்கு ரிப்போர்ட்டில் ‘வார்த்தை இல்லை’ என்று வரும். “வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்” என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு பின்தங்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பாட்டியோடு பேச ஒரு மொழி வேண்டும், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பேச்சுத் தெரபி முதலில்

ஏபிஏவுக்கு இருக்கும் கெடுபிடி பேச்சுத் தெரபிக்கும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் பல பிளான்களில் கிடையாது. குழந்தை மருத்துவரின் ரெஃபரல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கலாம். கேட்க வேண்டியது: முன்அனுமதி வேண்டுமா, வருடத்துக்கு எத்தனை விசிட், அந்த எண்ணிக்கை பேச்சு, ஆக்குபேஷனல் இரண்டுக்கும் சேர்த்தா? வருடத்துக்கு 30 விசிட், அதுவும் சேர்த்து என்றால், வாரம் இரண்டு போனால் நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். ‘வளர்ச்சித் தாமதம்’ என்ற கோடில் போனால் மறுத்துவிட்டு, எஃப்84.0 என்று போனால் ஏற்கும் பிளான்களும் உண்டு. பில்லில் எந்தக் கோடு போகிறது என்று கேட்டுவையுங்கள். ஆட்டிசத்துக்கான விசிட் வரம்பு மேலே சொன்ன சமத்துவச் சட்டத்தோடு மோதும் வாய்ப்பும் இருக்கிறது. வரம்பு தீர்ந்தது என்று கடிதம் வந்தால் அதைச் சொல்லி அப்பீல் எழுதலாம்.

எங்கள் கணிப்பில், பேசாத குழந்தைக்கு ஏபிஏவைவிடப் பேச்சுத் தெரபி முன்னால் தொடங்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை. அதுவும் படம் காட்டிக் கேட்பது, டேப்லெட்டில் பட்டன் அழுத்திப் பேசுவது போன்ற மாற்று வழிகள் தெரிந்த தெரபிஸ்ட் கிடைத்தால், பின்னால் வரும் ஏபிஏ பாதி சண்டை இல்லாமல் நடக்கும்.

கைக்காசு போடுவது

ஆர்பிடி நேரத்தைக் கைக்காசில் வாங்குவது பெரும்பாலும் வீண். வாரம் 20 மணி நேரத்தை ஒரு குறைந்த விலையான மணிக்கு 60 டாலரில் போட்டாலே மாதம் 5,000 டாலருக்கு மேல். அதே பணத்தில் ஒரு சின்னப் பங்கை வைத்து, பிசிபிஏ அல்லது பேச்சுத் தெரபிஸ்ட்டிடம் வாரம் ஒரு மணி நேரம் பெற்றோர் பயிற்சி வாங்கினால் மிச்சமுள்ள நேரம் முழுக்க நம் கையில் வேலை நடக்கும். அதற்குமே காசில்லாத வழிகள் இருக்கின்றன: உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் பயிற்சிப் பாடங்கள், யூசி டேவிஸின் மைண்ட் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட இலவச வீடியோக்கள்.

என்ன மாதிரி வேலை என்று ஒன்று சொல்கிறோம். குழந்தைக்குப் பிடித்த முறுக்கை உடைத்து, உள்ளே தெரிகிற, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அதன் கையிலேயே கொடுங்கள். திறக்க வராது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல், முகத்துக்கு நேராகக் கீழே உட்கார்ந்து, மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். டப்பாவை நீட்டினாலும், உங்களைப் பார்த்தாலும், ஏதோ ஓர் ஒலி வந்தாலும் அதுதான் கேட்டது என்று எடுத்துக்கொண்டு, “தொற” என்று ஒரே வார்த்தை சொல்லித் திறந்து, ஒரு துண்டு மட்டும் கொடுத்து மறுபடி மூடுங்கள். ஒரு முறுக்கில் எட்டுப் பத்து முறை கேட்க வாய்ப்பு. “சொல்லு, சொன்னாத்தான் தருவேன்” என்று பிடித்து வைத்தால் ஆட்டம் கெட்டுவிடும். அழ ஆரம்பித்தால் கொடுத்துவிட்டு அடுத்த முறை இன்னும் சீக்கிரம் திறங்கள்.

பண விஷயத்தில் சில பள்ளங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் கிளினிக் “இப்போது கைக்காசு கொடுங்கள், அப்ரூவல் வந்ததும் திருப்பிவிடுகிறோம்” என்றால், எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள். முன்தேதியிட்ட அனுமதி அரிது. வெளி கிளினிக் என்றால் சூப்பர்பில் என்ற விவரமான பில் கேளுங்கள்: தேதி, கோடு, யூனிட், எஃப்84.0, தெரபிஸ்ட்டின் என்பிஐ எண், வரி எண். இதில் ஒன்று குறைந்தாலும் திரும்பிவரும். அனுமதி இல்லாமல் கட்டிய பணம் டிடக்டிபிளில் சேராமல் போகலாம். மருத்துவச் செலவுக்கு வரி பிடிக்காமல் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கில் 2026-க்கு 3,400 டாலர்வரை போடலாம். தெரபிக்கு அதைச் செலவழிக்கலாம்.

வேலை மாறினால் அப்ரூவல் கூடவே வராது. புது பிளான், புது கோரிக்கை, முதலிலிருந்து. இடைவெளியை நிரப்ப, பழைய கம்பெனியின் பிளானையே தொடர விடும் கோப்ரா இருக்கிறது: தேர்வு செய்ய 60 நாள் அவகாசம், தேர்வு செய்தால் கவரேஜ் பழைய தேதியிலிருந்தே. பிரீமியம் முழுவதும் நம் தலையில், அதற்கு மேல் 2 சதவீதம். பழைய அனுமதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மாதம் கோப்ரா கட்டுவது, தெரபி நின்று ஆர்பிடியை இழப்பதைவிட மலிவாக முடியலாம்.

மெடிக்கெய்டு

“நம்ம சம்பளத்துக்கு எங்க கிடைக்கப்போகுது” என்று தொடாமலே விடுகிறார்கள். சில மாநிலங்களில் குழந்தையின் குறைபாட்டை மட்டும் பார்த்து, பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுக்காத வழி இருக்கிறது. பென்சில்வேனியாவில் பிஎச்-95 என்ற பிரிவு. ஜார்ஜியாவில் கேட்டி பெக்கெட் என்ற திட்டம். கலிஃபோர்னியாவில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான 21 ரீஜனல் சென்டர்கள் வருமானம் பார்க்காமலே எடுத்துக்கொள்ளும், அவை வழியாக அந்த மாநிலத்தின் மெடிக்கெய்டான மெடி-காலுக்கும் கதவு திறக்கும். மெடிக்கெய்டு இரண்டாவது இன்சூரன்ஸாக இருந்தால் கோபே, டிடக்டிபிள் சுமை குறையும். ஆனால் கிளினிக் இரண்டையும் ஏற்பதாக இருக்க வேண்டும். 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவரீதியாகத் தேவையானதை மெடிக்கெய்டு தந்தாக வேண்டும் என்பது மத்திய விதி. டெக்சஸில் வேறு கதை; அங்கே வருமானம் பார்க்காத திட்டங்களுக்கான பட்டியல் வருடக்கணக்கில் நீள்வது, ஆகவே ரிப்போர்ட் வந்த வாரமே பெயரைப் போட்டுவிட வேண்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் மெடிக்கெய்டுக்கு முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பள்ளிக்கும் எர்லி இன்டர்வென்ஷனுக்கும் அந்தப் பயம் தேவையில்லை.

ஊருக்குப் போய் வரலாமா?

“இங்க கூட்டிட்டு வந்துடு, நாங்க பாத்துக்கறோம்” என்று வீட்டில் சொல்வார்கள். இதைச் சட்டென்று தள்ளவும் முடியாது. சென்னையில் தெரபி செலவு அமெரிக்கச் செலவில் ஒரு துளி, ஆள் கிடைக்கும், காதில் தமிழ் விழும், அம்மா அப்பாவுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. தனியார் இடம் என்றால் பேச்சுத் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) அதை ஏற்கவில்லை.

ஆனால் இந்த வழிதான் மற்ற எல்லா வழிகளையும் கெடுக்கும். மதிப்பீட்டுக்குக் குழந்தை நேரில் வேண்டும். சில வாரம் வராவிட்டால் கிளினிக் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எர்லி இன்டர்வென்ஷன் சேவை நிற்கும். வெளிநாட்டுத் தெரபிக்குப் பிளான் காசு தராது. குழந்தையும் நீங்களும் எச்4, எச்1பி என்றால் விசா ஸ்டாம்பிங் தள்ளிப்போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும் ஆபத்து வேறு. போவதென்றால் பெயர்களை எல்லா இடத்திலும் கொடுத்துவிட்டு, முதல் அப்ரூவல் வரும் முன், ஐந்தாறு வாரத்துக்குள் திரும்பும்படி போங்கள். மூன்றாவது பிறந்தநாளை ஒட்டிய நாலு மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

மறுத்துவிட்டால்

முதலில் மறுப்புக் கடிதத்தின் தேதி. முதல் சில நாட்களுக்குள் பிசிபிஏ, இன்சூரன்ஸின் மருத்துவரோடு நேரடியாகப் பேசும் ‘பியர் டு பியர்’ வாய்ப்பு இருக்கும்; அதை உடனே கேட்கச் சொல்லுங்கள். பல மறுப்புகள் அங்கேயே மாறும். உள் அப்பீலுக்கு 180 நாள் உண்டு, முடிவு 30 நாளில் வர வேண்டும். அவசரம் என்று டாக்டர் எழுதினால் 72 மணி நேரம். எந்த அளவுகோலை வைத்து மறுத்தார்கள் என்ற ஆவணத்தையும் முழுக் கோப்பையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அப்பீல் கடிதத்தில் உருக்கம் வேண்டாம். அவர்கள் அளவுகோலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரிப்போர்ட்டின் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று காட்டினால் போதும். அதுவும் தோற்றால், நாலு மாதத்துக்குள் வெளி நிபுணர்களின் மறுஆய்வு.

எந்த வயதுக்கு எது

இரண்டே முக்கால் வயதுக்குக் கீழே: எர்லி இன்டர்வென்ஷன் இன்றே, பேச்சுத் தெரபி கூடவே, ஏபிஏ பட்டியலில் மூன்று இடத்தில் பெயர். கைக்காசு பெற்றோர் பயிற்சிக்கு மட்டும். இரண்டே முக்காலிலிருந்து மூன்று: எர்லி இன்டர்வென்ஷனுக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் ஒரே நாளில் மெயில், வேறெதற்கும் முன்னால். மூன்று முதல் ஐந்து: பள்ளி மாவட்டமும் ஏபிஏ கோரிக்கையும் இணையாக ஓடட்டும். இந்த வயதில் பகல் நேரம் கையில் இருப்பதால் ஆர்பிடி கிடைப்பது சுலபம். கிளினிக்கிடம் “காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை எந்த நேரமும் சரி” என்று சொன்னால் பட்டியலில் மேலே போவீர்கள். ஆறு வயதுக்கு மேல் நிலைமை தலைகீழ். எல்லாருக்கும் வேண்டியது பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுவரை. அங்கே அப்ரூவலைவிட அந்த நேரத்துக்கு ஆள் கிடைப்பதுதான் அபூர்வம். வாரம் ஆறு மணி நேரம், அதில் பாதி சனிக்கிழமை காலை என்று சின்னதாகக் கேட்டால் சீக்கிரம் தொடங்கும். மீதியை ஐஇபி கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும்.